மாதிரி மாணவர், ஐந்தாம் வகுப்பு

‘மாதிரி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஜவுளிக்கடையில் வெட்டிக் காட்டுகிற துண்டுத் துணியும் மாதிரிதான். மேடையில் ஏற்றி, இவரைப் பார்த்துத் திருந்துங்கள் என்கிறார்களே, அவரும் மாதிரிதான். நாற்பத்தாறு வயது வரைக்கும் இதனால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. போன வருஷம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே மூடும் அளவுக்கு வந்தது.

என் பெயர் கோமதிநாயகம். மஞ்சநாயக்கன்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். கணக்கு, அறிவியல், கணினி, விளையாட்டு, மின்விசிறி ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. தமிழ், இங்கிலீஷ், சமூக அறிவியல், பாட்டு, பிரார்த்தனை எல்லாம் தலைமையாசிரியை ஜெபசெல்வி டீச்சர். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தினால் ஒன்றாம் வகுப்பும் சேர்ந்து தலையாட்டும்.

பத்தொன்பதுதான் சிக்கல். இருபதுக்குக் கீழே போனால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய பள்ளியோடு ‘இணைத்து’விடுவார்கள். இணைப்பது என்பது துறையின் வார்த்தை. ஊரில் அதற்கு மூடுவது என்று பெயர். ஜூன் மாதம் சரியாக இருபது இருந்தது. ஜூலையில் லிட்டில் ராக்கெட்ஸ் மெட்ரிக்குலேஷன் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இந்த வேன் விஷயத்தில் நான் கொஞ்சம் சூடாகிவிடுவேன். மே மாத வெயிலில் கொட்டு அடித்து, பதாகை பிடித்து, வீடு வீடாகப் போய் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கழுத்தில் டை கட்டினால் மூளை வளருமா? ஷூ போட்டால் வாய்ப்பாடு வருமா? அரசுப் பள்ளிக்கூடம் என்றால் உங்களுக்கு அவ்வளவு கேவலமா? ஜனங்கள் மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, சரி சார் சரி சார் என்பார்கள். அடுத்த வாரம் பிள்ளை வேனில் போகும். எனக்கு எரியுமா எரியாதா?

எல்லாரையும்விட மாரித்தங்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஆறாம் வகுப்பு. கணக்கில் நான் பலகையில் தப்பு விட்டால் விரலை உயர்த்தாமல், மூக்கைச் சொறிந்து எனக்கு மட்டும் தெரிவிக்கும் அளவுக்கு நாகரிகமான பிள்ளை. அவளுடைய அப்பா கருத்தப்பாண்டி ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்தப் பள்ளிக்கூடம் இருக்குத வரைக்கும் படிக்கட்டும். மூடிட்டாங்கன்னா பஸ்ஸுல ஏத்தி அனுப்ப நமக்குத் தோதுப்படாது. வீட்டோட இருக்கட்டும். தம்பிகளப் பாத்துக்கிடுவா.”

“அதெப்படிங்க, இவ்வளவு நல்லா படிக்கிற பிள்ளைய...”

“நல்லா படிக்கான்னு நீங்கதான் சொல்லுதீங்க. அதுக்காகப் பொட்டப்பிள்ளைய ஒம்போது கிலோமீட்டர் அனுப்ப முடியுமா சார்?”

இங்கேயே எட்டு வரைக்கும் படித்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடைக்கும், அதற்குள் அந்த மனுஷனின் மனசைக் கரைத்துவிடலாம் என்பது ஜெபசெல்வி டீச்சரின் எண்ணம். கரைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அதற்குப் பள்ளிக்கூடம் இருக்க வேண்டுமே.

இந்த நிலைமையில்தான் அட்டைகள் வந்து இறங்கின.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சைப் பலகை. அதுதான் முழுக் கணினி. பழைய டிவியில் மாட்டினால் ஓடும். லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு, அதைத் தமிழ் பேச வைத்து, பள்ளிக்கு இருபது வீதம் அரசாங்கம் கொடுத்தது. அட்டைக் கணினி என்பது பெயர். பிள்ளைகள் வீட்டில் போய், பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கின்றன. மறுநாள் காலை நாலு தாய்மார்கள் வாசலில் நின்றார்கள், பிள்ளைகளின் ரத்தத்தை எதற்கு உறிஞ்ச விடுகிறீர்கள் என்று கேட்டு. பெட்டியைத் திறந்து காட்டி, இது குளத்து அட்டை இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் போனார்கள்.

ஒரு மாதத்தில் பிள்ளைகள் நிரல், அதாவது புரோகிராம், எழுத ஆரம்பித்துவிட்டன. அதோடு லினக்ஸின் பேச்சும் ஒட்டிக்கொண்டது. “வீட்டுப்பாடம் எங்கல?” என்று கேட்டால், “கோப்பு காணப்படவில்லை சார்” என்று பதில் வரும். “வெளியே போய் முட்டி போடு” என்றால், “இந்தச் செயலுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை சார்” என்பான். அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதை அட்டைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

பிள்ளைகளுக்குப் பத்தொன்பது அட்டை போக, இருபதாவதைக் கூடத்துப் பெரிய டிவியில் மாட்டியிருந்தோம். அதில் ‘மாதிரி மாணவர்’ என்று ஒரு கணக்கு ஏற்கெனவே திறந்து கிடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரே நாளில் நாற்பது பள்ளிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போயிருந்ததால், மாரித்தங்கத்தைத்தான் கேட்டேன்.

“எம்மா, இது யாரு புதுசா?”

“ஆளு இல்ல சார். நம்ம எல்லாரு அட்டையிலேருந்தும் கத்துக்கிடும். நாங்க எந்த எடத்துல தப்பு விடுவோமோ, அந்த எடத்துல அதுவும் தப்பு விடும். அதப் பாத்து நீங்க பாடத்த மாத்தி நடத்திக்கிடலாம்.”

“அப்போ புத்திசாலி இல்லியா?”

“நம்ம அளவுக்குத்தான் சார்.”

உண்மையிலேயே நம்ம அளவுக்குத்தான் இருந்தான். ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்றான். ல எது ள எது என்று தடுமாறினான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமை காலையில் பிழைகள் இரட்டிப்பாயின. வீட்டுப்பாடம் கேட்டால், ‘நேத்து எங்க மாமா வந்துட்டாங்க’ என்று திரையில் எழுதினான். ஒரு நாள் இரண்டாவது பாடவேளையில், ‘சார் ஒண்ணுக்குப் போணும்’ என்று வந்தது. பழக்கதோஷம், போயிட்டு வா என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் திரை காலியாகவே கிடந்தது.

அக்டோபரில் துறையிலிருந்து அவசரக் கடிதம் வந்தது. ‘ஒவ்வொரு பள்ளியும் தனது மாதிரி மாணவரின் பெயரை இன்று மாலை ஐந்து மணிக்குள் தளத்தில் பதிவேற்ற வேண்டும்.’ ஒழுக்கத்திலும் படிப்பிலும் சிறந்த பிள்ளையைத்தான் கேட்டிருந்தார்கள். ஜெபசெல்வி டீச்சர் தளத்தைத் திறக்கும்போது மணி நாலு ஐம்பத்தி எட்டு. பெயர் கட்டத்தில் ‘மா’ என்று தொட்டதும் கீழே பட்டியல் விழுந்தது. முதலில் ‘மாதிரி மாணவர்’, அடுத்து ‘மாரித்தங்கம்’. கேட்டதும் மாதிரி மாணவர், இருப்பதும் மாதிரி மாணவர். அழுத்திவிட்டார்.

மற்ற விவரங்களை அட்டையே நிரப்பிக்கொண்டது. வகுப்பு ஐந்து, ஏனென்றால் பத்தொன்பது பிள்ளைகளின் சராசரி அதுதான். உயரம் நூற்று இருபத்தொன்பது. பெற்றோர் தொழில் கூலி. கடைசியில் தளம் ஒரு மாணவர் எண்ணும் கொடுத்து, வாழ்த்துகள் என்று பூ தூவியது. பக்கத்திலேயே மாணவர் எண்ணிக்கை என்று சிவப்பில் இருந்த ‘19’ பச்சையில் ‘20’ ஆகிவிட்டது.

மறுநாள் காலை நான்தான் கண்டுபிடித்தேன்.

“டீச்சர், என்ன காரியம் பண்ணிருக்கீங்க? இது ஆளே இல்ல.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “அய்யய்யோ. உடனே எடுத்துருங்க சார்.”

எடுக்கக் கையை வைத்தேன். பச்சை நிறத்தில் இருபது என்று இருந்தது. கூடத்தில் மாரித்தங்கம் நாலாம் வகுப்பு பிள்ளைகளுக்கு மீதியுள்ள வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றார் டீச்சர்.

“எவ்வளவு நேரம் டீச்சர்?”

“ஏப்ரல் வரைக்கும்.”

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் குற்றவாளி ஆனோம். செய்யும்போது தப்பு தெரியாது. தெரிந்த பிறகு திருத்தாமல் விட்டோம், அது எங்கள் தப்புதான்.

அதற்கப்புறம் அரசாங்கம் அவனைக் கைவிடவே இல்லை. சீருடை வந்தது. காலணி அளவு கேட்டு மூன்று நினைவூட்டல் வந்தது. பூச்சி மாத்திரை வந்தது. சத்துணவு சமைக்கிற அன்னபாக்கியம் ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“சார், தாள்ல இருவது முட்டைன்னு போட்டுருக்கு. நான் எண்ணினா பத்தொம்போது தலதான் இருக்கு. இருவதாவது முட்டைய நான் யாரு வாயில வைக்க?”

பிள்ளைகள் அதற்கும் அட்டையில் நிரல் எழுதிவிட்டன. தினமும் ஒரு பெயரைக் குலுக்கிப் போடும். இரண்டு வாரம் தொடர்ந்து பேச்சிமுத்து என்ற ஒன்றாம் வகுப்புப் பொடியன் பெயரே வந்தது. விசாரித்ததில், நிரலை எழுதியது அவனுடைய அக்கா.

டிசம்பரில் இடி விழுந்தது. வட்டாரத்திலேயே சிறந்த மாதிரி மாணவராக எங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாளை அட்டை வழியாக அனுப்பியிருந்தார்களாம், எங்களுக்குத் தெரியாது. இவனே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ‘உன் லட்சியம் என்ன?’ என்ற கேள்விக்கு மற்ற பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கலெக்டர் ஆவேன் என்று எழுதியிருக்கின்றன. இவன் ‘சனிக்கிழமை’ என்று எழுதியிருந்தான். ‘பள்ளியில் உனக்கு மிகவும் பிடித்தது?’ ‘முட்டை.’ ‘நாட்டுக்கு என்ன செய்வாய்?’ ‘யாராவது சொன்னா செய்வேன்.’ ஆசிரியர் சொல்லித்தராத இயல்பான பதில்கள் என்று பாராட்டி, வட்டாரக் கல்வி அலுவலர் திருமலைக்கொழுந்து ஐயா வெள்ளிக்கிழமை நேரில் வந்து கேடயம் கொடுப்பார் என்று கடிதம்.

“பக்கத்து ஊர்லேருந்து ஒரு பையனக் கூட்டிட்டு வந்து நிறுத்திருவோமா டீச்சர்?”

“சேச்சே. பொய் வேஷம் போடுறது பாவம் சார்.”

“அப்போ இது மட்டும் என்ன?”

“இது பதிவுல உள்ளது. அது வேற” என்றவர் அதற்குமேல் விளக்கவில்லை. காய்ச்சல், விடுப்பு என்று சொல்லிவிடுவதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. திருமலைக்கொழுந்து ஐயா நல்ல மனுஷர்தான். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கையில் கேடயம், தோளில் போர்த்தத் துண்டு. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லின. அவர் பேனாவை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். இந்த ஆள்களுக்கு எண்ணாமல் இருக்க வராது.

“பத்தொம்பது. யாரு வரல?”

“மாதிரிதான் ஐயா” என்றார் டீச்சர். “காய்ச்சல்.”

“பரிசு வாங்குற பிள்ளைக்கே காய்ச்சலா? வீடு எங்க இருக்கு? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்குள் பேச்சிமுத்து உதவி செய்துவிட்டான்.

“வீட்டுல இல்ல ஐயா. டிவிக்குள்ள இருக்கான்.”

பத்தொன்பது பிள்ளைகளும் கையை நீட்டி டிவியைக் காட்டின.

எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நான் அட்டையை விளக்கினேன், டீச்சர் ‘மாதிரி’யை விளக்கினார். ஐயா கேடயத்தை மேஜையில் வைத்துவிட்டு, துண்டால் தன் முகத்தையே துடைத்துக்கொண்டார்.

“டீச்சர், நீங்க ஜெபம் பண்ணுற ஆளு.”

“தெரியாமத்தான் ஏத்தினேன் ஐயா. தெரிஞ்ச பிறகு இறக்க மனசு வரல.”

“நான் திட்டல. உங்க மனசு புரியுது. ஆனா பாத்துட்டேனே. பாத்த பிறகு நான் எப்படி இருபதுன்னு எழுத முடியும்? பத்தொம்பதுன்னுதான் எழுதணும். எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

எல்லாருக்கும் தெரியும். மாரித்தங்கம் அழவில்லை. தன் அட்டையிலிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுற்றி வைக்க ஆரம்பித்தாள், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்ன மாதிரி.

ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் கிளம்பும் முன்னால் ஒரு வார்த்தை கேட்பார்கள். அது ஒரு சடங்கு. ஐயாவும் டைரியை மூடிக்கொண்டே கேட்டார், “பிள்ளைகளா, யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்தப் பிள்ளையும் இதற்கு வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கேட்கக் கூடாது என்று ஆசிரியர்கள் பின்னால் நின்று கண்ணாலேயே சொல்லிவிடுவோம். ஆனால் டிவிக்கு எங்கள் கண் தெரியாதே. திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

‘கேக்கணும்.’

ஐயா நின்றுவிட்டார். “கேளுப்பா.”

‘கோமதிநாயகம் சார் மக எந்த ஸ்கூள்ல படிக்கா?’

இதை நான் முன்னாலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

என் மகள் தன்விகா லிட்டில் ராக்கெட்ஸில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அதே மஞ்சள் வேன்தான். எங்கள் வீடு டவுனில் இருப்பதால் ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு ஒலிம்பியாட் பரீட்சையில் அவள் முதல் இடம் வாங்கியபோது அந்தப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டாரமெல்லாம் பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். மஞ்சநாயக்கன்குளம் டீக்கடை எதிரிலும் ஒன்று. கோட்டும் டையுமாக என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே என் பெயர், பதவி, பள்ளியின் பெயர் எல்லாம் இருந்தன. சின்ன எழுத்தில்தான் இருந்தன. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்க இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. மே மாதம் முழுக்க அந்த போர்டைத் தாண்டிப் போய்த்தான் வீடு வீடாக டையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மோர் கொடுத்த ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இத யாரு எழுதிக் குடுத்தது?” என்றார் ஐயா.

மாரித்தங்கம் எழுந்தாள். “யாரும் இல்ல ஐயா. நாங்க எழுதிட்டு அழிச்சிருவோம்லா, அதையும் அது படிச்சு வச்சுக்கிடும். எங்க தப்பு விடுதோம்னு தெரியணும்னா அழிச்சதத்தான பாக்கணும்?”

“அப்போ நீ இத எழுதி அழிச்சியா?”

“ஆமா ஐயா.”

“வேற யாரு?”

முதலில் எட்டாம் வகுப்பில் இரண்டு கை. அப்புறம் ஏழாம் வகுப்பில். அப்புறம் கூடம் முழுக்கக் கைகள். ஐயா பேனாவை நீட்டி எண்ணினார். பதினெட்டு. பேச்சிமுத்து மட்டும் கை தூக்கவில்லை.

“எனக்கு எழுத வராது ஐயா” என்றான். “நான் வேன் படம் போட்டு, உள்ள அந்த அக்காவ வரைஞ்சேன்.”

இத்தனை நாள் ‘சார்’ ‘சார்’ என்று இந்தப் பிள்ளைகள் என் பின்னால் வந்தது எல்லாம் இதை மனசில் வைத்துக்கொண்டா? வெட்கமாக இருந்தது.

“பதில் சொல்லுங்க சார்” என்றார் ஐயா மெதுவாக. “பிள்ள கேக்குதுல்ல.”

“லிட்டில் ராக்கெட்ஸ்ல ஐயா.”

“என்கிட்ட எதுக்குச் சொல்லுறீங்க? டிவியப் பாத்துச் சொல்லுங்க.”

டிவியைப் பார்த்துச் சொன்னேன். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது.

‘ஏன்?’

“அங்க... இங்கிலீஷ் நல்லா இருக்கும்” என்றேன்.

இந்தப் பள்ளியில் பதினாறு வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிற ஜெபசெல்வி டீச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஐயாவின் அறிக்கையே தேவலை.

ஐயா கேடயத்தை எடுத்துக்கொண்டார். மேஜை மேல் வைக்கலாமா, ஜீப்பில் எடுத்துப் போவதா என்று யோசித்து, கடைசியில் டிவி மேலேயே வைத்தார்.

“திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் அறிக்கை அனுப்பணும். அதுக்குள்ள அந்தப் பேர எடுத்துருங்க. பத்து மணிக்கு இங்க உசுரோட எத்தன தல இருக்கோ, அத எழுதுறேன்.” வாசலில் செருப்பை மாட்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார், “நல்லவேள சார், எம் பேரன் படிக்கிற ஸ்கூல் அதுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை காலை வீட்டில் விஷயத்தை எடுத்தேன். என் மனைவி மீனலோசனி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்க ஸ்கூல் நல்ல ஸ்கூலா?”

“நல்ல ஸ்கூல்தான்.”

“இதையேதான் மே மாசம் ஊரெல்லாம் கத்திட்டு வந்தீங்க. அப்போ நம்ம பிள்ளைய ஏன் சேக்கல?”

“நீதான அப்ப வேண்டாம்னு சொன்ன?”

“நான் சொன்னேன். நீங்க அப்பாடான்னு கேட்டுக்கிட்டீங்க.” தோசையைத் திருப்பிப் போட்டாள். “அங்க ஏழாம் வகுப்புக்குக் கணக்கு யாரு எடுக்குறது?”

“நான்தான்.”

“அதான் யோசிக்கேன்.”

எதிர்பாராத இடத்திலிருந்துதான் ஆதரவு வந்தது. தன்விகா பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

“ப்பா, உங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர நாமளே தொடலாமா?”

“ஏன், உங்க ஸ்கூல்ல தொட மாட்டீங்களா?”

“ஷூவக் கழட்டிட்டு உள்ள போய் பாத்துட்டு வருவோம். புரோகிராம நோட்டுல எழுதி, தலைப்புக்குச் செவப்பு மையில அடிக்கோடு போடணும். கோடு வளைஞ்சா ரெண்டு மார்க் கொறைப்பாங்க.”

மீனலோசனி அடுப்பை அணைத்தாள். இதுவரைக்கும் இதை நீ சொல்லவே இல்லையே என்று மகளைக் கேட்டாள். நீங்க கேக்கலையே என்றாள் அவள். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

சனியும் ஞாயிறும் பேசினோம். சண்டையும் போட்டோம். ஞாயிறு மத்தியானம் மீனலோசனி, “அந்த மாரித்தங்கம்ங்கிற பிள்ள நிஜமாவே நின்னுருமா?” என்று கேட்டாள். “நின்னுரும்” என்றேன். அவள் எழுந்து போய், பிள்ளையின் பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜெபசெல்வி டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினார். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் தன்விகாவின் பெயரை இங்கிலீஷில் எழுதும்போது மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாக, நல்ல உச்சரிப்போடு சொன்னார். மாதிரியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அட்டைக்குள் அவன் இருக்கிறான், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. புதுப் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட மாரித்தங்கம், சுற்றி வைத்த கம்பிகளைத் திரும்ப மாட்டினாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஐயா ஜீப்பில் வந்தார். உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பேனாவை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.

பத்தொன்பது பேரும் வழக்கம்போல் “உள்ளேன் ஐயா” சொன்னார்கள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டேன்.

“தன்விகா.”

பாவம், அவளுக்கு ‘பிரசன்ட் மிஸ்’தான் பழக்கம். எழுந்து நின்று ஒரு கணம் திணறினாள்.

“உள்ளேன் அப்பா.”

கூடமே சிரித்தது. ஜன்னலில் ஐயாவும் சிரித்தார். வகுப்பில் நான் சார்தான், அப்பா இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஐயா இருபது என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்புப் பையன், மீசை அரும்பியவன், எழுந்து நின்று முகத்தை ரொம்ப ஒழுங்காக வைத்துக்கொண்டு சொன்னான்:

“உள்ளேன் அப்பா.”

முறைத்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அவளும் அதையே சொன்னாள். மாரித்தங்கம் சொன்னாள். பேச்சிமுத்து கூப்பிடும் முன்னாலேயே சொல்லிவிட்டான். கோபப்பட்டிருக்க வேண்டும்தான். தலையைக் குனிந்துகொண்டு இருபது பெயரையும் கடைசி வரைக்கும் கூப்பிட்டேன்.